பன்னிரண்டு பக்கப் படப் புத்தகம், ஆறு வாரத் தமிழ் வகுப்பு

மொரீஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், மற்றப் பாடங்களுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும், நமக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணியில் ஒரு படப் புத்தகத்தைத் திறந்தால் கால் மணியில் கடைசிப் பக்கம் வந்துவிடும். "முடிந்துவிட்டதா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பையை மூடுவார்கள். சுற்றுச்சூழல் புத்தகமாக இருந்தால் இன்னும் மோசம். "மரம் வளர்ப்போம்" என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரு முறை துணிந்து ஒரே புத்தகத்தை ஆறு வாரம் விடாமல் வைத்திருந்தேன். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புத்தகத்தை வாசித்தது நான்கைந்து தடவைதான். மற்ற நேரமெல்லாம் புத்தகம் சொல்வது உண்மைதானா என்று வெளியே போய்ச் சரிபார்த்தோம். ஒவ்வொரு வேலையிலும் ஒரு தமிழ்ச் சொல்லாவது இல்லாமல் காரியம் நடக்காது என்ற நிலையை உண்டாக்குவதுதான் இந்த முறையின் உயிர். விதையைத் தேய்க்க வேண்டுமென்றால் "தேய்" என்று ஒருவன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவன் தேய்க்க மாட்டான்.

கிரேடு 3, கிரேடு 4 பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோயில் வளாகங்களில் மாலை வகுப்பு நடத்துகிறவர்களும் பயன்படுத்தலாம். அங்கே வயது கலந்திருக்கும், அது ஒரு வகையில் வசதிதான்.

எந்தப் புத்தகம்

ஓர் உயிர், ஒரு மரம், இரண்டுக்கும் நடுவே ஓர் உறவு. இவ்வளவு இருந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எழுத்தே இல்லாத ஒரு பக்கமாவது இருந்தால் நல்லது. கெட்டவன் ஒருவன் வந்து மரத்தை வெட்டி, நல்ல சிறுவன் ஒருவன் வந்து தடுக்கும் புத்தகங்களைத் தள்ளிவையுங்கள். பிள்ளைகளின் கண் அந்தக் கெட்டவன் மேலேயே நிற்கும்; மரம் காணாமல் போய்விடும்.

சென்னையில் அச்சான புத்தகங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் யானையும் மாட்டுவண்டியும் பனைமரமும் நம் பிள்ளைக்குப் படத்தில் மட்டுமே உள்ளவை. பள்ளி வாசலைத் தாண்டி நான்கு அடி நடந்து "இதோ" என்று தொட்டுக்காட்ட முடிகிற புத்தகம்தான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும்.

அப்படியொன்று கிடைக்கவில்லையென்றால் நீங்களே செய்யுங்கள். மூன்று ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி முதுகில் இரண்டு பின் அடித்தால் 12 பக்கம். என் புத்தகத்தில் முன் அட்டையும் பின் அட்டையும் போக மீதிப் பக்கங்களில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு தீவு இருந்தது. தீவில் ஒரு கருங்காலி மரம் இருந்தது. மரம் பழுத்தது. பழம் விழுந்தது. ஆமை வந்தது. ஆமை பழத்தைத் தின்றது. ஆமை நடந்தது. அடுத்தது எழுத்தில்லாத பக்கம். அதில் ஆமை நடந்து போய்விட்டிருக்கும். பின்னால் அது போட்ட சாணம் மட்டும் கிடக்கும். பிறகு, மழை பெய்தது. கடைசியாக, முளை வந்தது.

எனக்கு வரையத் தெரியாது. என் ஆமையைப் பார்த்து வகுப்பில் ஒருவன் "பூரியா மிஸ்?" என்றான். நம் வரைதல் இந்த லட்சணத்தில் இருந்தால்தான் பிள்ளைகள் தாமும் வரைய முன்வருகிறார்கள்.

தொடங்கும் முன் ஆசிரியர் படித்துக்கொள்ள வேண்டியது

கதை நடக்கும் இடம் கற்பனை இல்லை. மாயேபூருக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஈல் ஓ எக்ரெத் என்ற பவளச் சுண்ணாம்புத் தீவு இருக்கிறது. பரப்பு 26 ஹெக்டேர். 1965 முதல் இயற்கைக் காப்பகம். மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. கரையோரக் காடுகள் மற்ற எல்லா இடத்திலும் அழிந்துபோன பிறகு, அதன் கடைசித் துண்டு மிஞ்சியிருப்பது அங்கேதான்.

அங்குள்ள கருங்காலியையும் விறகுக்காக வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்டு நின்ற பிறகும், வெட்டிய பகுதிகளில் புது மரம் முளைக்கவில்லை. பழங்கள் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து கிடந்தன. அவற்றைத் தின்று வேறிடத்தில் போட வேண்டிய ஆமைகள் இல்லை. மொரீஷியசுக்கே உரிய இரண்டு பெரிய ஆமை இனங்கள், மனிதர் இங்கே வந்து குடியேறிய பின் வேட்டைக்கும், கப்பலில் வந்த எலி பன்றிகளுக்கும் இரையாகி அழிந்துபோயின. அதனால் 2000ஆம் ஆண்டில் செஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவு இனத்தைச் சேர்ந்த ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்றன, நடந்தன, சாணம் போட்டன. வெட்டப்பட்ட பகுதிகளில் கருங்காலி முளைக்கத் தொடங்கியது. ஆமையின் வயிற்றைக் கடந்து வந்த விதை நன்றாக முளைக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்துச் சொன்னார்கள். என் 12 பக்கமும் இதுதான்.

இதே மாதிரியான இன்னொரு கதை நம் தீவில் உலவுகிறது. அதில் கவனமாக இருங்கள். தம்பலாக்கோக் மரத்தின் விதை டோடோ பறவையின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்பது அந்தக் கதை. 1977இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் அப்படி எழுதினார். உலகம் முழுவதும் குழந்தைகளின் புத்தகங்களில் அது ஏறிவிட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: டோடோ அழிந்த பிறகு பிறந்த மரங்களும் இருக்கின்றன, டோடோ இல்லாமலும் விதை முளைக்கிறது. நான் இதை எத்தனையோ வகுப்புகளில் உண்மையென்றே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் கதையையும் சொல்கிறேன், அது தவறிய கதையையும் சொல்கிறேன். அச்சில் வந்ததும் தவறாக இருக்கலாம் என்று தெரிந்தவுடன் பிள்ளைகளின் முகத்தில் ஒரு குறும்பு வரும். அடுத்த நிமிடமே உங்கள் ஆமைப் புத்தகத்தையும் சந்தேகிப்பார்கள். சந்தேகிக்கட்டும், அதற்குத்தானே ஆறு வாரம் வைத்திருக்கிறோம்.

முதல் வாரம்: வாசிக்காதீர்கள், பாருங்கள்

எழுத்து இருக்கும் இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். முதல் வகுப்பில் மூன்றே படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி: "என்ன தெரிகிறது?"

பார்ப்பதற்குக் கிரியோல் பேசலாம்; பெயர் சொல்வதற்குத் தமிழ். இந்த ஒப்பந்தத்தை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தமிழ் வகுப்பில் கிரியோல் வாய்க்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாக இருந்த காலத்தில் என் வகுப்பு அமைதியாக இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் அதை ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். உண்மையில் பிள்ளைகளிடம் சொல்வதற்குச் சொல் இல்லை, அவ்வளவுதான். கிரியோலில் கொட்டித் தீர்க்கட்டும். அவர்கள் கொட்டியதிலிருந்து நீங்கள் ஐந்து பொருளைப் பொறுக்கி எடுத்துத் தமிழ்ப் பெயர் வைத்துப் பலகையில் எழுதுங்கள்: ஆமை, மரம், பழம், ஓடு, கால்.

இரண்டாம் வகுப்பில் நான் செய்யும் ஒரு காரியத்தைக் கட்டாயம் செய்து பாருங்கள். பள்ளித் தோட்டத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ நான்கு இலைகளைக் கொண்டு போங்கள்: கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை, வெற்றிலை. கறிவேப்பிலையை விரலால் கசக்கி, கண்ணை மூடியிருக்கும் பிள்ளையின் மூக்கருகே நீட்டுங்கள்.

"கரிப்பூலே!"

அந்தக் கிரியோல் சொல்லைப் பலகையில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அடியில் "கறிவேப்பிலை" என்று எழுதி, இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கோத்தோமிலி, கொத்தமல்லி. பிரேட் முரூம், முருங்கைக்கீரை. யாராவது பிபாங்காய் என்பார்கள், அது பீர்க்கங்காய். ராசோன் என்றால் ரசம் என்று எல்லோரும் கத்துவார்கள். அப்பா அம்மா தமிழே பேசாத, வேறு சமூகத்திலிருந்து வந்து தமிழை எடுத்துக்கொண்ட ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். அவன் வீட்டு அடுப்படியிலும் கோத்தோமிலி உண்டு. தனக்கு ஏற்கெனவே தமிழ் தெரியும் என்று அன்றைக்கு வீட்டில் போய்ச் சொன்னானாம்.

ஒரு பெரிய தாளில் இந்தச் சொற்களை இலைகளோடு சேர்த்து ஒட்டிவையுங்கள். இலைகள் காய்ந்து சுருங்கும். நிறம் மாறும்போதெல்லாம் "பச்சை", "பழுப்பு", "காய்ந்த" என்ற சொற்கள் தாமாகவே தேவைப்படும்.

மூன்றாம் வகுப்பில் மறைத்த தாள்களைப் பிரியுங்கள். இப்போதுதான் முதல் வாசிப்பு.

இரண்டாம் வாரம்: வாசிப்பும் நடிப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; எல்லா ஆசிரியருக்கும் கைவந்த வேலைதான். ஒருவர் மரம், ஒருவர் பழம், நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆமை. நீங்கள் "ஆமை" என்று மட்டும் வாசிக்க, வகுப்பு "நடந்தது" என்று முடிக்க வேண்டும். வந்தது, விழுந்தது, நடந்தது, தின்றது என்று இறந்தகாலம் நாக்கில் ஏறும் வரை நடக்கட்டும். "தின்றது" மட்டும் கொஞ்சம் மல்லுக்கு நிற்கும். "தின்னது" என்று வந்தால் அங்கேயே திருத்தி நிறுத்தாமல், அடுத்த சுற்றில் நீங்கள் சரியாக ஓங்கிச் சொல்லுங்கள்.

எழுத்தில்லாத பக்கத்தில் சாணம் வரும்போது சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "இது அசிங்கம் இல்லை, எரு" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை ஆண்டு முடிந்தாலும் மறக்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரம்: விதையைத் தேய்த்தல்

ஆறு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆமையின் வயிறு விதைக்கு என்னதான் செய்கிறது என்று கையால் தெரிந்துகொள்ளும் வாரம்.

கருங்காலி விதை கிடைக்காது. காப்பகத்திலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது. அதற்குப் பதிலாள், நம் பள்ளி வாசல்களில் நிற்கும் ஃப்ளாம்புவாயான் மரம். தமிழில் செம்மயிற்கொன்றை. ஆண்டுக் கடைசியில் சிவப்பாகப் பூத்துத் தள்ளுகிற அதே மரம்தான். அதன் நீண்ட காய்கள் கறுத்து, வாள் மாதிரி மாதக்கணக்கில் தொங்கும். இரண்டு காய்களை உடைத்தால் வகுப்புக்கு வேண்டிய விதை கிடைக்கும். பிள்ளைகள் முதலில் காயைக் குலுக்கிப் பார்க்கட்டும், நல்ல சத்தம் வரும்.

விதை நீளமாக, பழுப்பும் மஞ்சளும் கலந்த வரிகளோடு, கல் போல இருக்கும். நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது. பல்லால் கடிக்க ஒருவன் கட்டாயம் முயல்வான், விடாதீர்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு விதை. மூன்றை அப்படியே வைத்துவிடுங்கள். மீதி மூன்றை உப்புத்தாளில், அது இல்லையென்றால் முற்றத்துச் சிமெண்டுத் தரையில், தேய்க்க வேண்டும். முளை வெளிவரும் கூர்முனையை விட்டுவிட்டு, தட்டையான பக்கத்தில் தேயுங்கள். முதலில் பளபளப்பு போகும். பிறகு நிறம் மங்கும். இருபது, முப்பது தேய்ப்புக்குப் பிறகு பழுப்புத் தோலுக்கு அடியில் வெளிறிய புள்ளி ஒன்று தெரியும், நகக்கண்ணின் நிறத்தில். அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்த இடத்தில்தான் மொழி வேலை செய்கிறது. இருவர் இருவராக உட்கார்த்தி, தேய்க்கிறவன் விதையைப் பார்க்கக் கூடாது, எதிரே இருப்பவன்தான் பார்க்க வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள். "தேய்", "இன்னும் தேய்", "மெதுவாக", "போதும்". நான்கே சொல். "போதும்" என்று ஒருத்தி கத்திய வேகத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து தலை எட்டிப் பார்த்திருக்கிறது.

எல்லா விதைகளையும் இரவு முழுவதும் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தேய்த்தவை ஒரு கிண்ணம், தேய்க்காதவை ஒரு கிண்ணம். மறுநாள் வந்து பார்த்தால் தேய்த்த விதை உப்பி, தோல் நெகிழ்ந்து, முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு தடித்திருக்கும். தேய்க்காதது பெரும்பாலும் நேற்றைக்கிருந்தபடியே இருக்கும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "இது பெரியது, இது சிறியது. இது மெது, இது கடினம்." பிறகு தயிர்க் கோப்பைகளில் மண் நிரப்பி, விரல் நகத்தின் ஆழத்துக்கு நடுங்கள். அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் தேய்த்தவை முளைவிடும். தேய்க்காதவை வாரக்கணக்கில் மௌனமாகக் கிடக்கும்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கோப்பைகளில் அடையாளம் எழுதவில்லை. வரிசை நினைவிருக்கும் என்று நம்பினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் யாரோ அலமாரியைத் துடைப்பதற்காகக் கோப்பைகளை நகர்த்தியிருந்தார்கள். எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று தெரிந்தது. எதைத் தேய்த்தோம் என்று தெரியவில்லை. அதனால் கோப்பையில் "தே" என்று ஓர் எழுத்தாவது எழுதுங்கள். அழியாத மையில் எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஃப்ளாம்புவாயான் விதை கருங்காலி விதை அல்ல. ஆமையின் வயிறு உப்புத்தாளும் அல்ல. கருங்காலிக்கு, மேலே ஒட்டியிருக்கும் சதை நீங்குவதும் தாய்மரத்தை விட்டு விலகிப் போவதும் பெரிய உதவி. நம்முடையது ஒரு பாவனை. "அப்படியென்றால் சதையோடு ஒன்று, சதையைக் கழுவி ஒன்று நட்டுப் பார்க்கலாமே" என்று ஒரு சிறுமி சொன்னாள். பப்பாளியில் செய்து பார்த்தோம். நீங்களும் செய்து பாருங்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

நான்காம் வாரம்: முற்றத்தில் யார் யார்

தாளும் பென்சிலுமாக முற்றத்துக்குப் போங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, வந்த பறவைகளைக் கோடு போட்டு எண்ண வேண்டும். நாகணவாய், அதாவது கிரியோலில் மார்தேன், கட்டாயம் வரும். தலையில் குடுமியோடு, கிரியோலில் "கொண்டே" என்கிற பறவையும் வரும். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குக் கொண்டை என்றுதான் காதில் விழுகிறது. பறவையைப் பார்த்தால் அது பொருந்தவும் செய்கிறது. பிள்ளைகள் தங்கள் தலைமேல் கையை நிமிர்த்தி வைத்து "கொண்டை" என்று காட்டுவார்கள். சிவப்பு நிறக் கார்டினால் குருவியும் வரலாம்.

இப்போது சிக்கல். நாகணவாயை வெட்டுக்கிளியைப் பிடிக்க 18ஆம் நூற்றாண்டில் இந்தியப் பகுதியிலிருந்து கொண்டுவந்தார்கள். கொண்டைக்காரப் பறவையும் ஆசியாவிலிருந்து வந்ததுதான். கார்டினால் மடகாஸ்கர் பறவை. ஃப்ளாம்புவாயான் மரமும் மடகாஸ்கர். கரும்பைக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்கள். முற்றத்தில் இந்தத் தீவுக்கே உரியது எது என்று தேடினால் பட்டியல் வெறுமையாக நிற்கும். உண்மையில் இந்தத் தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது இரண்டு விழுக்காடுகூட இல்லை என்பார்கள்.

இதில் மிகவும் கசப்பான பழம் சீனக் கொய்யா. கோயாவ்தெசின் என்றால் நம் பிள்ளைகளுக்கு வாயூறும். குடும்பமாக மேட்டுக் காட்டுக்குப் போய், பிளாஸ்டிக் வாளியில் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்று, சட்டையில் கறையோடு திரும்புவது நம் குளிர்காலத்தின் பெரிய கொண்டாட்டம். அந்தச் செடிதான் பிளாக் ரிவர் மலைக்காட்டில் மற்ற நாற்றுகளுக்கு வெளிச்சமே விடாமல் அடர்ந்து நிற்கிறது. காப்பாளர்கள் அதைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிக் களைகிறார்கள். இதைச் சொன்ன நாள், "இனிமேல் தின்னக் கூடாதா மிஸ்?" என்று ஒருவன் அழுகிற குரலில் கேட்டான். தின்னலாம், நன்றாகத் தின்னலாம், விதையைக் காட்டில் துப்பாதே என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான்தான் ஆமை" என்றான். அந்த ஆண்டு முழுவதும் நான் கேட்ட மிகச் சிறந்த விடை அதுதான்.

இன்னொரு கேள்வியும் வரும். இதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். "நாமும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே?" 1730களில் புதுச்சேரியிலிருந்து கல்தச்சர்களாகவும் கைவினைஞர்களாகவும் வந்த தமிழர்கள், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறி வந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்கள், எல்லோருடைய வாரிசுகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐரோப்பியர் வந்திறங்கியபோது இந்தத் தீவில் குடியிருந்த மனிதர் ஒருவரும் இல்லை. அதனால் செடிக்குச் சொல்லும் சொல்லை மனிதருக்கு ஒட்டவைக்க இங்கே இடமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பாடநூல்களில் வரும் "அந்நியச் செடி" என்ற தொடரை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. "முன்பே இருந்த செடி", "பிறகு வந்த செடி" என்கிறேன். பிறகு வந்தவற்றில் இடம் விடுவதும் உண்டு, விடாததும் உண்டு. கறிவேப்பிலை பிறகு வந்ததுதான். யாரும் குறை சொல்வதில்லை.

ஐந்தாம் வாரம்: எண்ணெயும் கரும்புச் சோகையும்

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் பொவேந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. நம் கதையின் தீவு அந்தக் கசிவின் பாதையிலேயே இருந்தது. அங்கே நாற்றங்காலில் வளர்த்த அரிய செடிகளையும் சில பறவைகளையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது கிரேடு 3இல் இருப்பவர்களுக்கு அது நினைவிருக்காது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் இந்த வாரம் புத்தகம் மூடியே இருக்கட்டும். வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும்.

மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்: "எங்கே இருந்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்? என்ன நாற்றம் அடித்தது?" பெரியவர்களிடம் "இருந்தீர்கள்", "பார்த்தீர்கள்" என்று மரியாதையாகக் கேட்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பதில் எந்த மொழியில் வந்தாலும் ஒரு வாக்கியத்தை நாம் வகுப்பில் தமிழாக்கிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் செய்தித்தாளில் வந்ததைத்தான் சொல்வார்கள். மூன்றாவதற்குத்தான் பேச்சு பிறக்கும். "தாத்தா சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்" என்று ஒருத்தி எழுதி வந்தாள்.

பிறகு தட்டில் செய்து பார்க்க வேண்டியது. ஆழமில்லாத தட்டில் இரண்டு விரல் உயரம் தண்ணீர். சமையல் எண்ணெயில் கொக்கோ பொடியைக் கலந்து ஒரு கரண்டி ஊற்றினால் கறுப்பாக மிதக்கும். காய்ந்த கரும்புச் சோகையை நறுக்கி மெல்லிய துணியில் அடைத்துத் திரி போலக் கட்டுங்கள். பஞ்சு, பழைய துணி, முடிதிருத்தகத்திலிருந்து வாங்கிய முடி ஆகியவற்றையும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மக்கள் கடற்கரையில் இரவு பகலாக உட்கார்ந்து தைத்தது இந்தச் சோகைத் திரிகளைத்தான்; பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்ததும் இதற்குத்தான். எது எண்ணெயைப் பிடிக்கிறது, எது தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடுகிறது என்று பிள்ளைகளே பிழிந்து பார்க்கட்டும். பஞ்சின் மேல் எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்பார்கள். முடிந்ததும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். செய்தித்தாளில் ஒற்றிக் குப்பையில் போடுங்கள். இதையும் ஊற்றினால் நாம் என்ன பாடம் நடத்தினோம் என்று அவர்களே கேட்பார்கள்.

புதைத்ததைத் தோண்டுதல்

இந்த வேலை முதல் வாரமே தொடங்கியிருக்க வேண்டும்; இடம் கருதி இங்கே சொல்கிறேன். கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு நடந்த மறுநாள், கழுவிய வாழை இலைத் துண்டு ஒன்றையும் பழைய பிளாஸ்டிக் கரண்டி ஒன்றையும் முற்றத்து மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். கரண்டி பழையதாகத்தான் கிடைக்கும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2016இலும், ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டிகளுக்கு 2021இலும் இங்கே தடை வந்தது. ஆனாலும் எந்த வீட்டு அலமாரியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். இடத்தில் ஒரு குச்சி நட்டு, தேதி எழுதுங்கள்.

ஐந்தாம் வாரக் கடைசியில் தோண்டுங்கள். தோண்டும் முன் ஒரு சின்னக் கதை. மாயேபூரில் ஜார்ஜ் கிளார்க் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். டோடோ எலும்பை ஆண்டுக்கணக்கில் தேடினார். 1865இல் மார் ஓ சோஞ்ச் சதுப்பில், ஆட்களை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிக் காலால் துழாவச் சொல்லிக் கண்டுபிடித்தார். அதற்கு முந்தைய காலத்தில் டோடோவைக் கட்டுக்கதை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்தார் என்று நான் அழுத்திச் சொல்வது பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை.

வாழை இலை பெரும்பாலும் நாராகக் கிழிந்து மண்ணோடு ஒட்டியிருக்கும். கரண்டியைக் கழுவினால் கூழ் குடிக்கலாம். "மக்கியது", "மக்கவில்லை". இரண்டே சொல், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

ஆறாம் வாரம்: அவர்கள் புத்தகம்

மறுபடியும் மூன்று தாள், 12 பக்கம். ஓர் உயிர், ஒரு மரம், ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஒரு பக்கம் எழுத்தில்லாமல். வாக்கியங்களை உங்கள் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றலாம். வௌவாலும் லீச்சியும், கொண்டைப் பறவையும் மிளகாயும், தம்பியும் சீனக் கொய்யாவும் என்று வரும். லீச்சி தின்னும் வௌவாலை அப்பா திட்டுவதாக எழுதினால் அழிக்கச் சொல்லாதீர்கள். அரசே அந்த வௌவால்களைச் சுட ஆணையிட்ட ஆண்டுகள் உண்டு, வீட்டுக்கு வீடு கருத்து வேறு.

எழுத்துப் பிழைகளை வரைவுத் தாளில் திருத்துங்கள், புத்தகத்தில் சிவப்பு மை வேண்டாம். மதிப்பீட்டுக்கு என்று தனித் தேர்வு நான் வைப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் புத்தகத்தைக் கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து, எங்கே தடுக்குகிறது என்று குறித்துக்கொள்வேன். எழுத்தில்லாத பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் கூர்ந்து கேட்பேன். மனப்பாடம் அங்கே எட்டாது.

முடிந்தால், எல்லாம் முடிந்த பிறகு, ஈல் ஓ எக்ரெத்துக்கு அழைத்துப் போங்கள். பொவேந்த் ஜெரோமிலிருந்து படகு, சில நிமிடப் பயணம், வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும். முதலிலேயே போய்விட்டால் அது ஒரு சுற்றுலா. ஆறு வாரம் கழித்துப் போனால் பிள்ளைகள் ஆமையை விட்டுவிட்டு, அதன் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

காலம் பற்றி ஒரு சொல். முதல் பருவத்தில் தொடங்காதீர்கள். புயல் எச்சரிக்கையில் பள்ளி மூடும், காவடித் திருவிழா வரும், விதை ஊறிய நாளில் விடுமுறை விழும். மூன்றாம் பருவத்தைத் தேர்வுகள் தின்றுவிடும். இரண்டாம் பருவம்தான் சரி. ஃப்ளாம்புவாயான் காய்களும் மரத்தில் தொங்கும், சீனக் கொய்யாவும் பழுத்திருக்கும். உப்புத்தாளை மட்டும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்; நடுத்தரச் சொரசொரப்பு, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தாள்.